தேதி தெரியாத ஒரு பிறந்தநாள்

(தாயாரின் முதலாமாண்டு நினைவு நாளில், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஊர்ப்புற நூலகத்தில் மகன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படிப்பட்ட கூட்டங்களில் மேடைக்குப் பின்னால் மறைந்தவரின் படத்தை மாலையோடு வைப்பது வழக்கம். என் தங்கையும் நானும் யோசித்து, படத்துக்குப் பதிலாக வேறொன்றை வைத்திருக்கிறோம். எனக்குப் பின்னால் துணியில் பெரிதாக அச்சிட்டிருப்பது எங்கள் ஆத்தாவின் கையெழுத்து. 1992ஆம் ஆண்டு சம்பளப் பட்டியலில் அவர் முதன்முதலாகப் போட்ட கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, பிறகு தம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டது. முதல் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது. கடைசி எழுத்து இடம் போதாமல் ஒடுங்கியிருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி விடுபட்டு, பின்னர் வேறு மையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆத்தாவின் முகம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை முழுவதும் தெரியுமா என்றால், பெற்ற பிள்ளையாகிய எனக்கே நெடுநாள் தெரியாது. அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். எந்த அரசர் எந்த ஆண்டு முடிசூடினார் என்று பிள்ளைகளை ஒப்பிக்கச் சொன்னவன். என் ஆத்தா பிறந்த நாள் எது என்று ஒருவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது. அவருடைய ஆதார் அட்டையில் 1950 ஜனவரி 1 என்று இருக்கும். வாக்காளர் அட்டையில் வேறோர் ஆண்டு இருக்கும். நம் ஊரில் அறுபதைத் தாண்டிய பெண்களின் அட்டைகளை வாங்கிப் பாருங்கள். பாதிப் பேர் ஜனவரி முதல் தேதியில்தான் பிறந்திருப்பார்கள். தேதி தெரியவில்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் அலுவலகம் கொடுத்த பொதுத் தேதி அது.

ஒருநாள் ஆத்தாவிடம் உட்கார்ந்து விசாரித்தேன். அவருக்கு அப்போது எழுபது வயது இருக்கும். "எனக்கென்னப்பா தெரியும்? சமஸ்தானம் போயிருச்சு, இனிமே ராசா இல்லேன்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்களாம். அந்த மாசியிலதான் நான் பொறந்தேன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948 மார்ச் 3ஆம் தேதி. தமிழ் மாதக் கணக்கில் அது மாசிதான். ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியை ஒப்படைத்த அந்த மாதத்தில், இந்தச் செம்மண் காட்டில் ஒரு கூரை வீட்டில் என் ஆத்தா பிறந்திருக்கிறார். எத்தனையோ வகுப்புகளில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட தேதி அது. அந்தத் தேதிக்குள் என் ஆத்தா இருந்தது எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை. வேறு காரணம் கிடையாது.

அவர் பிறந்த வீட்டில் அண்ணன்மார் இருவர். அண்ணன்மார் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஆத்தா ஆட்டுக்குப் பின்னால் போனார். 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி, அது மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் வந்தபோது ஆத்தாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுதான். பள்ளிக்கூடத்துப் பக்கமாக ஆட்டை ஓட்டிக்கொண்டு போகையில் சோற்று வாசனை வரும் என்று சொல்வார். "சோத்துக்காக இல்லப்பா, உள்ள என்னமோ எல்லாரும் சேந்து கத்துறாங்களே, அது என்னான்னு பாக்கணும்னு இருக்கும்" என்பார். வாய்பாடு சொல்லும் சத்தம் அது. சுவருக்கு வெளியே நின்றே பதினாறாம் வாய்பாடு வரை கேட்டுப் பாடம் செய்திருக்கிறார். கடலை மூட்டைக் கணக்கில் எந்த வியாபாரியும் அவரை ஏமாற்ற முடிந்ததில்லை என்று இங்கே உட்கார்ந்திருக்கும் மாமா ஒருவர் சொன்னார். எழுத்துத் தெரியாமலே கணக்குத் தெரிந்தவர் அவர்.

1966இல் கல்யாணம். 1970இல் நான், 1973இல் தங்கை. ஐயா, என் தகப்பனார், கூலிக்குக் கிணறு வெட்டினார். இருவரும் சேர்ந்து உழைத்து ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கினார்கள். கடலைக் காட்டில் செடி பறித்து, காய் ஆய்ந்து, படிக்கணக்கில் கூலி வாங்கி வருவார் ஆத்தா. ஆய்ந்த விரல்களின் ஓரம் செம்மண் ஏறி, எவ்வளவு கழுவினாலும் போகாது. 1980இல் மஞ்சள் காமாலையில் ஐயா போனார். ஆத்தாவுக்கு அப்போது 32 வயது. எனக்குப் பத்து, தங்கைக்கு ஏழு.

ஐயா போன பிறகு ஆத்தா பட்ட கஷ்டங்களை மட்டும் பேசி, உங்கள் கண்களை நனைத்துவிட்டு உட்கார்ந்துவிட என்னால் முடியும். நம் தமிழ் மரபும் அதற்கு இடம் கொடுக்கிறது. பட்டினத்தார் தம் தாயின் சிதை முன்னால் பாடிய பாடல்கள் இன்றும் நம் ஊர் இழவு வீடுகளில் ஒலிக்கின்றன. சுமந்ததையும் பெற்றதையும் பாலூட்டியதையும் நினைத்து உருகுகிற பாடல்கள் அவை. அந்த உருக்கம் உண்மையானது. ஆனால் தாய் என்பவர் சுமந்ததோடும் பெற்றதோடும் முடிந்துவிடுகிறவர் இல்லை. அவருக்கென்று ஆசைகள் இருந்தன, கோபங்கள் இருந்தன, முடிவுகள் இருந்தன. தவறுகளும் இருந்தன. தியாகம் என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு பெண்ணின் எழுபத்தாறு ஆண்டுகளை மடித்து வைத்துவிட்டால், நாம் அவரை வணங்கிவிட்டு மறந்துவிடுவோம். என் ஆத்தாவை நான் அப்படி மறக்க விரும்பவில்லை.

1982 ஜூலை 1ஆம் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டுக் கிராமம்தோறும் சமையலுக்கு ஆள் எடுத்தார்கள். கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். அந்த முன்னுரிமையில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆத்தாவுக்கு வேலை கிடைத்தது. எந்தச் சுவருக்கு வெளியே நின்று வாய்பாடு கேட்டாரோ, அந்தச் சுவருக்குள் முதன்முறையாகப் போனார். விறகு அடுப்பு, பெரிய அண்டா, புகை. அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் இந்த அவையில் பாதிப் பேர் இருப்பீர்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிட வரவில்லை என்றால், மாலையில் அந்த வீட்டு வாசலில் ஆத்தா நிற்பார். "பிள்ளைய ஏன் அனுப்பல? மாடு மேய்க்கவா? எனக்குச் செஞ்சதையே இதுக்கும் செய்யாதீங்க" என்பார். நம் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் பலருக்கு அந்த வாசல் சண்டை ஞாபகம் இருக்கும்.

மாதம் முடிந்து சம்பளம் வாங்கும்போது மட்டும் அவருடைய முகம் வேறாகிவிடும். பட்டியலில் அமைப்பாளர் கையெழுத்துப் போடுவார். ஆத்தா கட்டைவிரலை மையில் அழுத்தி வைப்பார். வைத்துவிட்டு, விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே வேகமாக வெளியே வருவார். ஒன்பது ஆண்டுகள் அப்படி. அந்த மை முடியில் இருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். வெயிலுக்காகப் போட்டுக்கொள்கிறார் என்றுதான் சிறுவனாக நான் நினைத்திருந்தேன்.

1991இல், பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. இங்கே மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள், பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள் எல்லோரும் தொண்டர்களாக இறங்கினார்கள். சம்பளம் கிடையாது. கலைக்குழுக்கள் தெருத்தெருவாக ஆடிப் பாடி அழைத்தன. வேலை முடிந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்கப்போட்டுவிட்டுப் பெண்கள் தெருவிளக்கின் கீழே வந்து உட்கார்ந்தார்கள். நம் தெருவில் பாடம் சொன்னது பக்கத்து வீட்டுப் பத்தொன்பது வயதுப் பெண். கல்லூரியில் படிக்கிற மகன் வீட்டில் இருக்கையில் ஏன் வெளியே போகிறீர்கள் என்று ஆத்தாவிடம் கேட்டேன். "நீ சொல்லிக்குடுத்தா நான் உனக்கு ஆத்தாவா இருக்க முடியாது. அது சொல்லிக்குடுத்தா நாங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க" என்றார்.

அறிவொளிப் புத்தகத்தின் பாடம் 'அ' என்று தொடங்கவில்லை. அம்மா, ஆடு என்றும் தொடங்கவில்லை. 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கியது. நன்றாக யோசித்துச் செய்த வேலை அது. வளர்ந்த மனிதருக்கு எழுத்து எதற்கு வேண்டும் என்று கேட்டு, அதற்கான பதிலிலிருந்து பாடத்தைத் தொடங்கினார்கள். காலமெல்லாம் நிலத்தில் வேலை செய்து, நிலத்துக்குரிய காகிதத்தில் தம் பெயரைப் பார்த்திராத பெண்கள் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ப, ட்டா. ஆத்தா அன்று இரவு வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி: "நம்ம காட்டுப் பட்டா யாரு பேர்லப்பா இருக்கு?"

அந்தக் கேள்வி எங்கே போய் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் சைக்கிள்.

அறிவொளி இயக்கம் எழுத்தோடு நிற்கவில்லை. பெண்கள் சைக்கிள் பழக வேண்டும் என்று ஆரம்பித்தது. வகுப்புக்குப் போக, தண்ணீர் எடுக்க, ரேசன் கடைக்குப் போக, ஆம்பளை எப்போது வருவான் என்று காத்திருக்காமல் இருக்க. கடலைக் காட்டுப் பெண்கள், கல் குவாரிப் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள், ஆசிரியைகள் எல்லோரும் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது, கம்பி வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாயிற்று. எங்கோ வடக்கே உள்ள பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் படித்து வளர்ந்தார்கள்.

ஆத்தாவும் பழகினார். 43 வயதில், வற்றிக் கிடந்த கண்மாய்க்குள், என் சைக்கிளில். நான் கல்லூரிக்குப் போவதற்காக அவர் சத்துணவுச் சம்பளத்தில் சேர்த்து வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. இரண்டு முழங்காலும் சிராய்த்துக்கொண்டு வந்தார். ஒரு வாரத்தில் ஓட்டினார். டீக்கடையில் என் கூட்டாளி ஒருவன், "உங்காத்தா வண்டி ஓட்டிக்கிட்டுப் போகுதுடா" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்து சைக்கிளைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆத்தா சாவியைக் கேட்கவில்லை. மறுநாள் ரேசன் கடைக்கு நடந்தே போய், அரிசி மூட்டையைத் தலையில் வைத்து மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "வண்டியத்தாம்ப்பா பூட்ட முடியும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நான் அப்போது புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி பெண்ணாகத் தனியொருவராய்ப் போய்ப் படித்த கல்லூரி. பின்னர் மருத்துவராகி, 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் நம் மண்ணின் மகள் என்று தேர்வில் ஆறு பக்கம் எழுதியவன் நான். அவர் படிக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களை என் விடைத்தாளில் கண்டித்திருந்தேன். அதே கையால்தான் என் ஆத்தாவின் சைக்கிளைப் பூட்டினேன். இது மண்டையில் உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சாவியைக் கொண்டுபோய் அடுப்படி மாடத்தில் வைத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த சைக்கிளில் சாவி தொங்கிக்கொண்டேதான் இருந்தது. 1992இல் மகளிர் தினத்தையொட்டிப் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளில் திரண்டபோது, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்க் கலந்துகொண்டவர்களில் ஆத்தாவும் ஒருவர். திரும்பி வரும்போது அவர் தலையில் முந்தானை இல்லை. அந்த மாதச் சம்பளத்தில்தான் கட்டைவிரலை வைக்காமல், இதோ, இந்தக் கையெழுத்தைப் போட்டார்.

இப்போது பட்டாவுக்கு வருகிறேன். ஐயா பெயரில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும் அவர் பெயரிலேயே இருந்தது. பட்டா மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மகன் பெயருக்கு மாற்றிவிடலாம், அதுதானே வழக்கம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஆத்தா ஒப்பவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் தாமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அறிவொளிக் கூட்டமொன்றில் இதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். 1993இல் ஒரு திங்கட்கிழமை, தம் கையாலேயே எழுதிய மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். மூன்று பெயரும் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். அலைய வைத்தார்கள். எட்டு மாதம் அலைந்தார். மூன்று பெயரோடு பட்டா வந்தது.

அவர் பிறந்த வீட்டுப் பூர்வீக நிலத்தில் அவருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. தமிழ்நாடு அரசு 1989இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணமாகிவிட்ட பெண்கள் அதில் சேரவில்லை. ஆத்தாவின் கல்யாணம் 1966. அந்தத் தடை 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தத்தில்தான் நீங்கியது. அதற்குள் மாமன்மார் நிலத்தைப் பிரித்து விற்றுவிட்டிருந்தார்கள். அதைப் பற்றி ஆத்தா புலம்பியதில்லை. "எனக்கு வரலேன்னா என்ன, என்னோட நின்னுரக் கூடாதுல்ல, எம்மகளுக்கு வரணும்" என்பது மட்டும் அவர் சொன்னது.

அந்த மகளின் விசயத்தில் ஆத்தா ஒரு தவறும் செய்தார். அதையும் இந்த மேடையில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது என் தங்கைதான். 1992இல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, மேலே படிக்கிறேன் என்று அழுத தங்கையை, நல்ல இடம் கைநழுவக் கூடாது என்று பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார். ஊரார் பிள்ளைகளுக்காக வாசல் வாசலாகச் சண்டை போட்டவர், சொந்த மகளிடம் பயத்துக்கு இடம் கொடுத்துவிட்டார். கணவனில்லாத வீட்டில் வயதுவந்த பெண்ணை வைத்திருக்கும் பயம் அது. பல ஆண்டுகள் கழித்து, தங்கையின் மகள் கல்லூரிக்குப் போகிற நாளில், "உன்னையப் படிக்க விடல, அது நான் செஞ்ச தப்புத்தாம்மா" என்று மகளிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வதில்லை. அன்றைக்குத்தான் தன் மனம் ஆறியது என்று தங்கை சொல்கிறாள்.

எழுதக் கற்றவுடன் ஆத்தா ஒரு நீள நோட்டு வாங்கினார். அதில் என்ன எழுதினார் தெரியுமா? நம் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் கைக்கடிகாரம் கட்டிய யாரையாவது மணி கேட்டு, தேதி, கிழமை, நேரம், ஆணா பெண்ணா, தாயின் பெயர் என்று எழுதிவைத்தார். தகப்பன் பெயருக்கு முன்னால் தாயின் பெயர் இருக்கும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பைக் குறித்த காலத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு, மறந்திருந்த வீடுகளுக்குப் போய் விரட்டினார். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, சாதகம் எழுத, பாஸ்போர்ட் எடுக்க என்று சிங்கப்பூர் போகிற பையன்கள் வரை ஆத்தாவின் நோட்டைத் தேடி வந்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் 146 பிறப்புகள். நான் எண்ணிப் பார்த்தேன். தனக்குப் பிறந்த தேதி இல்லாத பெண் 146 பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதே நோட்டில் வேறொரு பக்கம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நம்மைப் புரட்டிப்போட்டது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நாங்களெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, எழுபது வயது ஆத்தா நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்துக்கும் போனார். யார் வீட்டில் எத்தனை மரம், என்ன மரம், எவ்வளவு வயது என்று குறித்தார். கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கும் சொல்ல ஒரு கணக்கு இருந்தது. எங்கள் வீட்டுக் கணக்கை அவர் கடைசியாகத்தான் எழுதியிருக்கிறார்: பலா 2, தென்னை 11, முந்திரி 26.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் வேறு மாதிரி. என் மகளுக்கு அப்பத்தா, தங்கை பிள்ளைகளுக்கு அம்மாச்சி. கருவாடும் பலாக்கொட்டையும் போட்டு அவர் வைக்கிற குழம்புக்காகவே லீவுக்கு ஓடி வருவார்கள். என் மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்த நான்கு ஆண்டுகளும் அப்பத்தா அவளுக்கு அஞ்சலட்டை எழுதினார். வீட்டில் செல்பேசி இருந்தது. இருந்தும் ஐம்பது காசு அட்டை வாங்கித்தான் எழுதுவார். போனில் பேசினால் காற்றில் போய்விடும், எழுதினால் பிள்ளை திரும்பத் திரும்பப் படிக்கும் என்பது அவர் கணக்கு. அந்த அட்டைகளில் புத்திமதி எதுவும் இருக்காது. சேதிதான் இருக்கும். கம்மா நெறஞ்சிருச்சு. செவலைப் பசு கன்னு போட்டுருச்சு, பொட்டக்கன்னு. எதுத்த வீட்டு அத்தைக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆயி இப்ப நல்லாத் தெரியுது. நாலு நாளா ஒன்னைய நெனச்சேன். பேசுவது போலவே எழுதுவார். அறுபத்து மூன்று அட்டைகளையும் என் மகள் அடுக்கி வைத்திருக்கிறாள். தேர்வில் தோற்ற ஒரு பருவத்தில், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டாளாம். அன்று வந்த அட்டையில், முழங்கால் சிராய்த்த கதையை அப்பத்தா எழுதியிருந்தாராம். தோல்வியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கண்மாய் வற்றிக் கிடந்ததைப் பார்த்ததும் சைக்கிள் பழகிய ஞாபகம் வந்து எழுதியிருக்கிறார். என் மகள் பெட்டியைப் பிரித்துவிட்டாள்.

2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், ஆத்தா மறுபடி ஊர் சுற்றத் தொடங்கினார். சைக்கிள் மிதிக்க முட்டி ஒத்துழைக்காத காலம் அது. ஆலங்குடிச் சந்தைக்கும் புதுக்கோட்டைக்கும் தனியாகப் போய்வருவார். எதற்குப் போனீர்கள் என்று கேட்டால், "சும்மாதான் போனேன்" என்பார். வாழ்நாள் முழுவதும் ஒரு காரியத்துக்காக மட்டுமே நடந்த கால்கள் அவை. சும்மா போய்வருகிற சுகத்தை எழுபத்து மூன்று வயதில் அனுபவித்தார். அந்தச் சிரிப்பையும் அவருடைய வாழ்க்கைக் கணக்கில் எழுத வேண்டும்.

கடந்த ஆண்டு பங்குனியில், இரண்டு நாள் படுக்கையில் இருந்து, தங்கையின் கையைப் பிடித்தபடி போய்விட்டார். ஒப்பாரி வைத்த பெண்கள் சைக்கிளைச் சொல்லி அழுதார்கள், நோட்டைச் சொல்லி அழுதார்கள், அண்டாவைச் சொல்லி அழுதார்கள். ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் மட்டும் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று போட்டிருந்தோம். அவர் யார் என்பது அதில் இல்லை. ஒப்பாரிக்குத் தெரிந்தது சுவரொட்டிக்குத் தெரியவில்லை. அந்தச் சுவரொட்டியை எழுதிக் கொடுத்தவன் நான். இந்த உரை அதைத் திருத்தி எழுதுகிற முயற்சி.

அவையோரே, நம்மை ஆண்டவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. குடுமியான்மலைப் பாறையில் இசைக்குறிப்பைக்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் தாய்மாரின் வாழ்க்கை எந்தப் பாறையிலும் இல்லை. அது அவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் போகும்போது அதுவும் போய்விடுகிறது. இந்த ஊரில் இன்று எண்பதைத் தாண்டியிருக்கும் பெண்கள் சமஸ்தானம் போனதிலிருந்து கஜா வந்தது வரை பார்த்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நூலகம் என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் நாம் செய்யாதது. என்ன ஆசைப்பட்டீர்கள், எதற்கு அழுதீர்கள், யாரை எதிர்த்தீர்கள், எதில் தவறினீர்கள், எதைச் செய்ததில் உங்களுக்குப் பெருமை என்று கேளுங்கள். சமையலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

நூலகர் அனுமதியோடு, வாசலில் இருக்கும் மேசையில் இன்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் என் ஆத்தாவின் பெயரையும், பிறந்த மாதம் மாசி, 1948 என்பதையும், அவர் செய்த வேலைகளையும் நானும் தங்கையும் எழுதியிருக்கிறோம். இரண்டாம் பக்கத்திலிருந்து எல்லாம் காலியாக இருக்கிறது. இன்று இரவு வீட்டுக்குப் போய் உங்கள் தாயிடம், பாட்டியிடம் கேளுங்கள். நாளைக்கு வந்து எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், எழுதித்தர நான் மாலை ஐந்து மணியிலிருந்து இந்த மேசையில் உட்கார்ந்திருப்பேன்.